ரவுண்டானாவில் வலப்பக்கம் திரும்ப வண்டியை எங்கே வைப்பது?

கோவை லாலி ரோடு ரவுண்டானாவை பைக்கில் பயமில்லாமல் கடக்க முடியவில்லை. வண்டி ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஜூன் மாதம் வேலை மாறியதிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிவாக்கில் இந்த வழிதான். வேளாண் பல்கலைக்கழகம் பக்கமிருந்து வந்து, நடுத்திட்டைச் சுற்றி வலப்பக்க ரோட்டுக்குப் போக வேண்டும்.

நுழைவதில் சிக்கல் இல்லை, வெளியே வருவதில்தான். திட்டை ஒட்டிச் சுற்றினால், இடப்பக்கம் ஒதுங்கும்போது பஸ்ஸும் ஆட்டோவும் உரசுகிற மாதிரி நேராகப் போகின்றன. வெளி ஓரமாகவே சுற்றினால், அடுத்த ரோட்டிலிருந்து வருபவர்கள் நிற்பதே இல்லை. 2017 விதிமுறைப்படி உள்ளே சுற்றும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனாலும் போன வாரம் ஒரு கார் அப்படியே நுழைந்தது. வண்டி சாய்ந்திருந்த நேரம், பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் மணலில் வழுக்கியது. காலை ஊன்றித்தான் தப்பித்தேன்.

இரண்டாவது கியரில் இருபதுக்குள் போய்ப் பார்த்தாயிற்று. முந்தைய வழியைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போடுகிறேன், யாரும் மதிப்பதில்லை. தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தால் அந்த நொடியில் முன்னால் போகிறவர் பிரேக் போட்டுவிடுகிறார். பெரிய கண்ணாடி மாற்றினேன். வண்டி வலப்பக்கம் சாயும்போது இடது கண்ணாடியில் மாடிகளும் வானமும்தான் தெரிகின்றன. பின்னால் மகள் இருக்கும் நாட்களில் வேறு தெருவில் சுற்றிப் போகிறேன், பள்ளிக்கு நேரமாகிவிடுகிறது.

தினமும் இப்படி வலப்பக்கம் திரும்புகிறவர்கள் சொல்லுங்கள்: எந்த ஓரமாகச் சுற்றி, எந்த இடத்தில் இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பிக்கிறீர்கள்?