அப்பா கடித்துப் போட்ட கொய்யா

மதுரையிலிருந்து:

2017-ல் அப்பாவுக்கு விடாத இருமல். அந்த மாதங்களில்தான் வாராவாரம் பழமுதிர்சோலை போனோம். கொய்யாவைப் பாதி கடித்துவிட்டு மீதியைக் குரங்குகளுக்குப் போடுவார். “வாயில்லா ஜீவன், தின்னட்டும்” என்பார். குட்டிகள் ஓடிவந்து பொறுக்கிக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். அப்புறம் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டார்.

அடுத்த வருடம் அதே படிக்கட்டில் ஒரு பெண் குரங்கு. முதுகெலும்பை எண்ணிவிடலாம். கூட்டம் மரத்துக்குத் தாவியபோதும் அது எழவில்லை. உட்கார்ந்தபடி மூச்சு வாங்கியது. என்ன நோயோ, யாரும் சோதிக்கவில்லை. வயதாகிக்கூட இருக்கலாம். எனக்கு அந்தக் கொய்யாதான் கண்ணில் நின்றது. நம்மிடமிருந்து அவற்றுக்குத் தொற்றுமா?

கால்நடை மருத்துவர் ஒருவர்:

தொற்றும் அண்ணே. ஆனால் எச்சில் பழத்தைவிட, பக்கத்தில் நின்று இருமுவதுதான் பெரிய ஆபத்து. காற்றில்தான் அந்தக் கிருமி அதிகம் பரவும்.

வீட்டில் சங்கிலி போட்டு வளர்த்த நாட்டுக்குரங்கு ஒன்று மீட்கப்பட்டு என்னிடம் வந்தது. வளர்த்தவர் டி.பி. மருந்தைப் பாதியில் விட்டவர். அதன் மேல் இமையில் மெல்லிய ஊசியால் டியூபர்குலின் போட்டோம்; டி.பி. தொற்று இருந்தால் போட்ட இடம் வீங்கும். இமையில் போட்டால் மறுபடி பிடிக்க வேண்டாம், கூண்டுக்கு வெளியே நின்றே மூன்று நாளும் பார்க்கலாம். இரண்டாம் நாளே இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அதுவரை ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. இறந்த பிறகு நுரையீரலைத் திறந்தால் பாலாடைக்கட்டி போலக் கட்டிகள். இன்னும் மறக்க முடியவில்லை.

காட்டில் திரியும் குரங்குக்கு ஆறு மாதம் தினமும் மாத்திரை கொடுக்க வழியே இல்லை. பாதியில் நின்றால் கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடும். இருமல் இருப்பவர்கள் தயவுசெய்து அவற்றின் பக்கத்தில் போகாதீர்கள். மெலிந்து கிடப்பதைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வால்பாறையிலிருந்து:

புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் வீடுகளுக்கே வந்து குப்பையைக் கிளறும். கென்யாவின் மாசாய் மாராவில் 1980-களில் சுற்றுலா விடுதிக் குப்பையில் கிடந்த, நோய்ப்பட்ட மாட்டின் இறைச்சியைத் தின்று பபூன் குரங்குகள் டி.பி.யில் கூட்டமாகச் செத்தன. ராபர்ட் சபோல்ஸ்கி அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எங்கள் தொட்டி மூடிமேல் கல் வைக்கிறோம், சமையலறை ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. போன வாரம் ஒரு தாய்மந்தி குட்டியோடு வந்து கல்லை இரண்டு முறை நகர்த்திப் பார்த்துவிட்டு, பலாமரத்துக்கே திரும்பிப் போனது.