ஸ்க்விட் ப்ராக்ஸி திரும்பத் திரும்ப விழுகிறது, ட்ராஃபிக் கூடவே இல்லை. எங்கே தேடுவது?

தனிமரம்27:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் சுமார் 400 கணினிகள் ஒரே ஒரு ஸ்க்விட் (இணையக் கோரிக்கைகளை நடுவில் நின்று கடத்தும் ப்ராக்ஸி மென்பொருள்) வழியாகத்தான் வெளியே போகின்றன. எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தது, நான் பொறுப்பேற்று எட்டு மாதம் ஆகிறது. பதிப்பு 5.7. அதே சர்வரில் அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி ஓடுகிறது. பயனர்களின் கோரிக்கை முதலில் அதற்குப் போய், அப்புறம் ஸ்க்விட்டுக்கு வரும்.

போன வியாழக்கிழமை முதல் ஸ்க்விட்டின் சைல்டு ப்ராசஸ் (உண்மையில் வேலை செய்யும் பகுதி, மாஸ்டர் அதைக் கண்காணிக்கும்) திடீரென்று சாகிறது. கேஷ் லாகில் "சிக்னல் 11" (மெமரியைத் தவறாகத் தொட்டதால் ப்ராசஸ் கொல்லப்பட்டது என்ற குறி) என்று ஒரு வரி, அவ்வளவுதான். மாஸ்டர் ப்ராசஸ் உடனே புதிதாக ஒன்றை எழுப்பிவிடுவதால் முதல் இரண்டு நாள் யாரும் புகார் சொல்லவில்லை. நேற்று மதியம் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்து விழுந்தது, பிறகு எழவே இல்லை. நான் குழம்பி நின்றுகொண்டிருந்தபோதே, சரியாக ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே வந்துவிட்டது.

சிபியூ 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. மெமரி பாதிக்குமேல் காலி. சேவை மறுப்புத் தாக்குதல் என்றால் வெள்ளம் மாதிரி கோரிக்கைகள் வரும் என்றுதான் படித்திருக்கிறேன், அப்படி எதுவும் இல்லை. ஆக்சஸ் லாகில் அது விழுந்த நொடியைத் தேடினால் எல்லாம் சாதாரண வரிகள். இப்போதைக்கு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து ரீஸ்டார்ட் செய்யும் ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். டெபியன் (சர்வரில் உள்ள லினக்ஸ்) அப்டேட்களைத் தவறாமல் போடுகிறேன், அதனால் பழைய ஓட்டையாக இருக்காது என்று நினைக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பழையசர்வர்:

முதலில் ரேம் பாருங்கள். சிக்னல் 11 வந்தபோதெல்லாம் மென்பொருளைச் சந்தேகித்து இரண்டு வாரம் வீணாக்கியவன் நான். கடைசியில் ஒரு ரேம் குச்சி பழுது. இரவில் ஒரு மெம்டெஸ்ட் ஓட்டினால் தெரிந்துவிடும்.

நிலவரசி:

ரேம் பழுது என்றால் அந்த மெஷினில் மற்றவையும் விழுந்திருக்கும். இங்கே ஸ்க்விட் மட்டும்தான் விழுகிறது. நான் வேறு பக்கம் பார்க்கச் சொல்வேன்.

வெள்ளத்தைத் தேடாதீர்கள். ப்ராக்ஸியைச் சாய்க்க ஒரே ஒரு கோரிக்கை போதும். வரும் கோரிக்கையின் ஒவ்வொரு ஹெடரையும் (தொடக்கத்தில் உள்ள விவர வரிகள்) அது பிரித்துப் படித்தாக வேண்டும். எதிர்பார்க்காத வடிவில் ஒன்று வந்து, கோட் அதைச் சரியாகச் சோதிக்கவில்லை என்றால் ப்ராசஸ் அங்கேயே சாகும். ஆக்சஸ் லாகில் ஒன்றும் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. கோரிக்கை முடிந்த பிறகுதான் ஸ்க்விட் அந்த வரியை எழுதும். கொன்ற கோரிக்கை முடியவே இல்லையே, எப்படி எழுதும்? லாகில் எத்தனை நாள் தேடினாலும் அது அங்கே இருக்காது.

ஒரு மணி நேரக் கதையும் புதிரல்ல. சைல்டு ப்ராசஸ் மிகக் குறுகிய நேரத்தில் திரும்பத் திரும்பச் செத்தால், மாஸ்டர் அதைத் தேறாதது என்று குறித்து எழுப்புவதை நிறுத்திவிடும். ஹோப்லெஸ்_கிட்_ரிவைவல்_டிலே என்ற அமைப்பு அது, இயல்பு மதிப்பு 1 மணி நேரம். அதாவது யாரோ ஒருவர் சில கோரிக்கைகளை வேகமாக அனுப்பினால், 400 பேருக்கும் ஒரு மணி நேரம் இணையம் இல்லை.

உங்கள் அமைப்பில் முன்னால் வடிகட்டி இருப்பதால் எனக்கு ஒரு சந்தேகம். ஸ்க்விட்.கான்ஃபில் ஃபாலோ_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கணினி எது என்று அறிய, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடரில் உள்ள முகவரிகளை ஸ்க்விட் வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாகச் சோதிக்கும். ஒவ்வொரு முகவரிக்கும் அதே ஃபங்ஷன் தன்னையே மறுபடி கூப்பிடும், பழைய பதிப்புகளில் இதற்கு வரம்பே இல்லை. ஹெடர் அளவின் இயல்பு உச்சம் 64 கிலோபைட். ஒரு முகவரிக்கு 8 பைட் என்று வைத்தால்கூட 8,000 முகவரி அடங்கும். ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளைக் குறித்து வைக்கும் மெமரி) நிரம்பி ப்ராசஸ் விழும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இதுதான் சிவிஇ-2023-50269. 6.6 பதிப்பில் சரிசெய்தார்கள்.

இதுவேதான் உங்கள் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. கோர் டம்ப்பை (விழும் நொடியின் மெமரி நகல்) இயக்கி, அடுத்த முறை விழும்போது ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் பேக்ட்ரேஸ் (அப்போது ஓடிய ஃபங்ஷன்களின் வரிசை) எடுங்கள். ஒரே ஃபங்ஷன் பெயர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் இதுதான்.

இன்னொன்று. "5.7" என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டெபியன் போன்றவை பதிப்பு எண்ணை மாற்றாமல் பழைய கோடிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடும். அது டெபியன் பேக்கேஜ்தானா, இல்லை யாராவது மூலக் கோடிலிருந்து தாமே கம்பைல் செய்ததா? ஸ்க்விட் -வி கொடுத்து ப்ரிஃபிக்ஸ் (நிறுவிய இடம்) என்ன என்று பாருங்கள்.

அந்த ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட் உங்களுக்கு உதவவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு விழுதலிலும் மெமரியில் இருந்த கேஷ் முழுவதும் போகிறது, டிஸ்க் கேஷின் அட்டவணையை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது, நடந்துகொண்டிருந்த டவுன்லோடுகள் எல்லாம் அறுகின்றன. வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக ஓடுவது போலத் தெரியும், அதனால் காரணம் தேடுவது தள்ளிப்போகும்.

தனிமரம்27:

அக்கா, மிக்க நன்றி. ப்ரிஃபிக்ஸ் யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்க்விட் என்று வந்தது. முன்னால் இருந்தவர் கையால் கம்பைல் செய்திருக்கிறார். எட்டு மாதமாக நான் போட்ட எந்த அப்டேட்டும் இதைத் தொடவே இல்லை. டெபியன் பார்த்துக்கொள்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

ஃபாலோ_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் வரியும் இருக்கிறது, அதுவும் "அலவ் ஆல்" என்று. 3128 போர்ட் வடிகட்டிக்கு மட்டுமல்லாமல் உள் நெட்வொர்க் முழுவதற்கும் திறந்திருக்கிறது. இன்று காலை மறுபடி விழுந்தது, பேக்ட்ரேஸ் நீங்கள் சொன்னபடியே. ஒரே நான்கைந்து ஃபங்ஷன்கள், ஸ்க்ரோல் செய்துகொண்டே இருக்கலாம்.

நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப்பில் பிடித்தபோது, கொன்ற கோரிக்கை ஒரே ஒரு உள் கணினியிலிருந்து வந்தது. நேரில் போய்க் கேட்டேன். சோதனைக் குழுவைச் சேர்ந்தவர், தான் எழுதிய வலைச் செயலிக்கு ஃபஸ்ஸர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஹெடர்களை நீட்டிக்கொண்டே போகும் கருவி அது. அவர் கணினியில் ப்ராக்ஸி அமைப்பு இருந்ததால் எல்லாமே முதலில் ஸ்க்விட்டில் வந்து விழுந்திருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் ஐபியைத் தடுத்துவிட்டேன். பேக்கேஜ் மாற்றும்வரை இது போதுமா?

மூன்றாம்படி:

ஐபியைத் தடுப்பது போதாது. நாளைக்கு வேறொரு கணினியில் யாரோ அதே கருவியை ஓட்டுவார். இன்றே அந்த ஃபாலோ_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் வரியை நீக்கிவிடுங்கள், அதிகாரபூர்வ அறிவிப்பு சொல்லும் தற்காலிக வழியும் அதுதான். கொஞ்ச நாள் லாகில் எல்லாமே வடிகட்டியின் முகவரியாகத் தெரியும், ஐபியை வைத்து எழுதிய விதிகளும் பொருந்தாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 3128-ஐ வடிகட்டிக்கு மட்டும் என்று மூடுங்கள். புதிய பதிப்புக்குப் போன பிறகு அந்த வரி தேவையென்றால் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் கொடுங்கள்.

பதிப்பைப் பற்றி: நீங்களே கம்பைல் செய்வதாக இருந்தால் 6.6-ல் நிற்காதீர்கள். சங்க்டு டிகோடரில் (துண்டுதுண்டாக வரும் தரவைப் பிரிக்கும் பகுதி) இதே மாதிரி தன்னைத்தானே கூப்பிடும் ஓட்டை ஒன்று, சிவிஇ-2024-25111, 3.5.27 முதல் 6.7 வரை இருந்தது. கான்ஃபிக் மாற்றி அதைத் தவிர்க்க வழியில்லை, 6.8 வேண்டும். ஈஎஸ்ஐ (பக்கத்தின் துண்டுகளை ப்ராக்ஸியிலேயே சேர்க்கும்) வசதியிலும் சிக்கல் இருந்ததால் 6.10-ல் அதை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள். டைஜஸ்ட் ஆதென்டிகேஷன் (பயனரின் பெயர், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஒரு முறை) வைத்திருந்தால் சிவிஇ-2023-46847-ஐயும் படியுங்கள், அது 6.4-ல் சரியானது.

இவற்றில் பல ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஜோஷுவா ராஜர்ஸ் என்ற ஆய்வாளர் 2021-ல் ஸ்க்விட்டின் கோடை அலசி 55 குறைகளைக் கண்டுபிடித்தார். 2023 அக்டோபரில் அவர் அதை வெளியிட்டபோது 35 இன்னும் சரிசெய்யப்படவில்லை. பராமரிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996 முதல் வளர்ந்த கோடை மிகச் சிலர் சேர்ந்து தாங்குகிறார்கள். ஆனால் பயன்படுத்தும் நாம்தான் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கையால் கம்பைல் செய்தால் ஸ்க்விட்டின் அறிவிப்பு அஞ்சல் பட்டியலில் சேருவதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

தனிமரம்27:

வரியை எடுத்துவிட்டேன், போர்ட்டை மூடினேன், ஸ்கிரிப்ட்டை நிறுத்தினேன். சோதனைக் குழு நண்பரிடம் அனுமதி கேட்டு, தனி மெஷினில் டெபியன் பேக்கேஜை நிறுவி அதே ஃபஸ்ஸரை இரண்டு மணி நேரம் ஓட்டினோம். ஒருமுறைகூட விழவில்லை. சனிக்கிழமை இரவு மாற்றுகிறேன். பழைய ஸ்க்விட்.கான்ஃபை அப்படியே எடுத்துப்போகாமல், ஒவ்வொரு வரியும் எதற்கு என்று எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். 212 வரி இருக்கிறது, இதுவரை 90 முடிந்தது.