துணி ஒட்டிய பழைய வரைபடம்: ஜியோரெஃபரன்ஸ் செய்தால் ரயில் பாதை நெளிகிறது, எங்கே தவறு?

மழைக்காகிதம்:

வணக்கம். ஒரு வாரமாக ஒரே வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சுமார் நூறு வருஷத்துக்கு முந்தைய தாள். மைலுக்கு ஒரு அங்குலம், அதாவது 1:63,360. பின்பக்கம் துணி ஒட்டியிருக்கிறது, எட்டு மடிப்பாக மடித்து வைக்கிற வகை. தாள் ஸ்கேனரை விடப் பெரியது என்பதால் ஏ3 ஸ்கேனரில் நான்கு தடவையாக 400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பனோரமா மென்பொருளில் கொடுத்து ஒன்றாக ஒட்டினேன். பார்க்க நன்றாகவே வந்தது, ஒட்டிய இடமே தெரியவில்லை.

அப்புறம் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஜியோரெஃபரன்சரை (ஸ்கேன் செய்த படத்தைப் பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்தும் கருவி) திறந்து, தாளிலும் இன்றைய படத்திலும் அடையாளம் தெரிகிற 14 புள்ளிகள் வைத்தேன். ஆற்று வளைவுகள், ஓடைகள் ஆற்றில் சேரும் இடங்கள், இரண்டு மூன்று சாலைச் சந்திப்புகள், ஒரு பாலம். முதல்படி பாலினோமியல் (படத்தைச் சீராக நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் கணக்கு, படி கூடினால் வளைக்கவும் செய்யும்) போட்டால் சராசரிப் பிழை 180 மீட்டர் காட்டுகிறது. இரண்டாம்படியில் 120. மூன்றாம்படியில் 60-க்கு வந்தது, ஆனால் தாளின் மூலைகள் விசிறி மாதிரி விரிந்துவிட்டன. கடைசியில் தின் பிளேட் ஸ்பிளைன் (படத்தை ரப்பர் தாள் மாதிரி இழுத்து வளைக்கும் முறை) போட்டேன், பிழை சுத்தமாக பூஜ்யம். சந்தோஷப்பட்டு இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், நேராகப் போக வேண்டிய ரயில் பாதை பாம்பு மாதிரி நெளிகிறது. இடையில் இருக்கிற குடியிருப்புகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன.

இன்னும் நிறைய புள்ளிகள் வைத்தால் சரியாகுமா? 40, 50 வரை வைக்கத் தயார். இந்தத் தாளில் இருந்து பழைய நீர்நிலைகளின் எல்லைகளை வரைந்தெடுக்க வேண்டும், அதனால் ஏதோ ஒன்று என்று விட்டுவிட மனசில்லை.

வடக்குநோக்கி:

புள்ளிகளைக் கூட்டுவதற்கு முன்னால் அந்தப் பூஜ்யத்தைப் பற்றிப் பேசிவிடலாம். தின் பிளேட் ஸ்பிளைன் நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் சொன்ன இடத்துக்கே இழுத்து நிறுத்தும், அது அப்படித்தான் வேலை செய்யும். புள்ளியைத் தவறான இடத்தில் வைத்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஆகவே அந்த எண் உங்கள் படத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மூன்றாம்படி பாலினோமியலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதற்குக் குறைந்தது 10 புள்ளிகள் வேண்டும், உங்களிடம் 14 இருக்கிறது, மிச்சம் நாலு புள்ளியை வைத்துக்கொண்டு அது எதைச் சரிபார்க்கும்? முதல்படிக்கு 3 போதும், எனவே அதில் வந்த 180 மீட்டர்தான் இருப்பதிலேயே நேர்மையான எண். அதை நம்புங்கள், அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

உண்மையான சோதனை ஒன்றுதான். ஐந்தாறு புள்ளிகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அவற்றைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மற்ற புள்ளிகளால் படத்தைப் பொருத்திய பிறகு, ஒதுக்கி வைத்தவை எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று அளந்து பாருங்கள். அதுதான் உங்கள் பிழை.

அடுத்து, ஆற்று வளைவுகளைப் புள்ளியாக வைக்கவே வேண்டாம். சமவெளியில் ஓடும் ஆறு நூறு வருஷத்தில் எவ்வளவோ நகர்ந்திருக்கும். நீங்கள் பழைய நீர்நிலைகளையே வரைந்தெடுக்கப் போகிறீர்கள், அப்படியிருக்க பழைய ஆற்றை இன்றைய ஆற்றின் மேல் இழுத்துப் பொருத்தினால், கண்டுபிடிக்க வேண்டிய மாற்றத்தையே நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ரயில் பாதையும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம், பழைய கல்பாலம், முக்கோண அளவை நிலையங்கள் (நில அளவைக்காரர்கள் குறித்து வைத்த நிலையான இடங்கள்), வழிபாட்டு இடங்களின் கோபுரம், இந்த மாதிரி நகராதவற்றைத் தேடுங்கள்.

தாள்நேசன்:

நான் வேறொரு இடத்தைப் பார்க்கிறேன். பின்பக்கம் துணி ஒட்டி எட்டு மடிப்பு என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அது மடிப்புதானா, இல்லை வெட்டா? மடிக்கிற இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் மடித்து எடுத்துப் போகிற தாள்களைப் பெரும்பாலும் துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு கொஞ்சம் இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டுவார்கள். மடிக்கும்போது காகிதம் முறியாமல் துணி மட்டும் மடங்க வேண்டும் என்பதற்காக. உங்கள் தாளும் அப்படியிருந்தால், குறுக்கே நான்கு துண்டு என்றால் மூன்று இடைவெளி. இடைவெளிக்கு 2 மில்லிமீட்டர் வைத்துக்கொண்டால்கூட மொத்தம் 6 மில்லிமீட்டர். உங்கள் அளவில் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஆக, நிலத்திலேயே இல்லாத 380 மீட்டர் உங்கள் படத்துக்குள் புகுந்திருக்கிறது.

இடைவெளிகள் எல்லாம் ஒரே அகலமாக இருந்தால் முதல்படி பாலினோமியல் அதில் பெரும்பகுதியைத் தாளின் நீட்சி என்று எடுத்துக்கொண்டு சரிக்கட்டிவிடும், மிச்சம் ரம்பப் பல் மாதிரி துண்டுக்குத் துண்டு ஏறி இறங்கும். ஆனால் ஒரே அகலமாக இருக்காது. துணி ஒரு இடத்தில் தொய்ந்திருக்கும், ஒரு துண்டு லேசாகத் திரும்பியிருக்கும்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி. ஜியோரெஃபரன்சரில் முதல்படி போட்டதும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சிவப்புக் கோடு ஒன்று கிளம்பும், பிழை எந்தப் பக்கம் எவ்வளவு என்று காட்டுவது. ஒரே துண்டுக்குள் இருக்கிற கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பக்கத்துத் துண்டில் வேறு பக்கம் சாய்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

பனோரமா மென்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. அது கேமராவால் எடுத்த படங்களுக்கானது. லென்ஸ் வளைவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒட்டு தெரியாமல் இருக்க படத்தை ஆங்காங்கே வளைக்கும். ஸ்கேனரில் வந்த படத்தில் லென்ஸ் வளைவு கிடையாது. நகர்த்துவது, லேசாகத் திருப்புவது, இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் அனுமதிக்காமல் ஒட்டுங்கள். ஒட்டிய இடமே தெரியவில்லை என்பது நல்ல அறிகுறி இல்லை.

மழைக்காகிதம்:

தடவிப் பார்த்தேன். வெட்டுதான்! இத்தனை நாள் மடிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டுத் துண்டு, நடுவில் துணி தெரிகிறது. ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டு இடைவெளி 2 மி.மீ., நடுவில் இருப்பது மேலே 2, கீழே வரும்போது 4. சிவப்புக் கோடுகளும் நீங்கள் சொன்ன மாதிரியே துண்டு துண்டாகச் சாய்கின்றன. இப்போது இதை எப்படிச் சரிசெய்வது? துணியிலிருந்து பிரித்து எடுத்து ஒட்டலாமா?

தாள்நேசன்:

பிரிக்காதீர்கள், தயவுசெய்து. டேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது, இஸ்திரி போடுவது எதுவும் வேண்டாம். தாள் இருக்கிறபடியே இருக்கட்டும், வேலையெல்லாம் படத்தில்தான்.

நான்கு ஸ்கேனையும் கை வைக்காமல் அப்படியே டிஃப் கோப்பாக ஒரு பக்கம் பத்திரப்படுத்துங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள், அச்சான ஆண்டும் அளவை நடந்த ஆண்டும் ஓரத்தில்தான் இருக்கும், இரண்டுக்கும் நடுவே பல வருஷம் இடைவெளி இருப்பது சாதாரணம். நீங்கள் வரையப்போகிற நீர்நிலைகளுக்குப் பொருந்துவது அளவை ஆண்டு, அச்சாண்டு இல்லை. ஒரு நகல் எடுத்து, அதில் எட்டுத் துண்டையும் கிம்ப் என்ற பட மென்பொருளில் தனித்தனி லேயராக வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பக்கத்துத் துண்டை நோக்கி நகர்த்துங்கள். சட்டக் கோடு, தீர்க்கரேகை, அட்சரேகை, வெட்டைத் தாண்டிப் போகிற சாலை, இவை ஒரே கோடாகச் சேர வேண்டும். ஒரு சாலையை மட்டும் நம்ப வேண்டாம், ஒவ்வொரு வெட்டிலும் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று கோடாவது பாருங்கள். வெட்டும்போது காகிதத்தில் மயிரிழை போயிருக்கும், எனவே விளிம்போடு விளிம்பு இடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கோடுகள் சேருவதுதான் கணக்கு. இழுக்கவோ நீட்டவோ கூடாது. நிதானமாகச் செய்தால் ஒரு மாலைப் பொழுது வேலை.

அளவுச்சங்கிலி:

இருவர் சொன்னதும் சரி. ஆனால் புள்ளி வைக்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. சட்டத்துக்குள் தீர்க்கரேகை, அட்சரேகைக் கட்டம் அச்சாகியிருக்கிறதா? இருந்தால் அந்த வெட்டுப்புள்ளிகளைத்தான் முதலில் வைக்க வேண்டும், தரையில் இருக்கிற பாலமும் சந்திப்பும் அப்புறம். கட்டம்தான் தாளின் எலும்புக்கூடு, வரைந்தவர் எல்லாவற்றையும் அதன் மேல்தான் வைத்திருக்கிறார். தாள் ஈரத்தில் ஊறிக் காய்ந்து சுருங்கியதும் அதில் அப்படியே தெரியும். காகிதம் நாரின் வாக்கில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் மாறும், அதனால் இரண்டு திசையிலும் அளவு வேறு வேறாகத்தான் இருக்கும். 44 சென்டிமீட்டர் தாளில் அரை சதவீதம் சுருங்கினாலே 2 மி.மீ.-க்கு மேல், உங்கள் அளவில் 140 மீட்டர். முதல்படி பாலினோமியல் இரு திசைக்கும் தனித்தனி அளவு வைத்துக்கொள்ளும் என்பதால் இதைச் சமாளிக்கும். ஹெல்மெர்ட் என்ற இன்னொரு முறை ஒரே அளவைத்தான் வைத்துக்கொள்ளும், அது இங்கே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கட்டத்தின் புள்ளிகளை டிகிரியாகவே கொடுத்து முதல்படி போடாதீர்கள். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் தாளின் ஒரு விளிம்பு எதிர் விளிம்பை விடக் கொஞ்சம் குறுகியிருக்கும். முதல்படியால் செவ்வகத்தை இணைகரமாக்க முடியும், சரிவகமாக்கத் தெரியாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வித்தியாசம் தெரியாது, 45 டிகிரியில் கால் டிகிரித் தாளுக்கே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். வரைபடத்தின் சொந்தப் ப்ரொஜெக்ஷனுக்கோ (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறை), இல்லையென்றால் மீட்டரில் அளக்கும் யூடிஎம் என்ற ப்ரொஜெக்ஷனுக்கோ புள்ளிகளை மாற்றிக்கொண்டு கொடுங்கள்.

டேட்டமும், அதாவது பூமியின் எந்த மாதிரியை வைத்து, எங்கிருந்து டிகிரியை எண்ணினார்கள் என்பதும் முக்கியம். பழைய தாளில் இருக்கிற டிகிரி, இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டத்தின் டிகிரி கிடையாது. ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டத்துக்கும் இன்றைய முறைக்கும் 400 மீட்டருக்கு மேல் வித்தியாசம், 2002-இல்தான் அங்கே அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். ஓரத்தில் பூஜ்யத் தீர்க்கரேகை எது என்று போட்டிருக்கிறது? பாரிஸ் என்றால் கிரீனிச்சிலிருந்து 2°20′14″ கிழக்கு. ஃபெர்ரோ (கேனரித் தீவுகளில் ஒன்று) என்றால் பாரிஸுக்கு 20 டிகிரி மேற்கு என்று வைத்துக்கொண்டது. கிரீனிச் என்றே போட்டிருந்தாலும் அலட்சியமாக இருக்க முடியாது, அங்கே தரையில் பதித்த கோட்டின் மேல் நின்றால்கூட ஜிபிஎஸ் பூஜ்யம் காட்டாது, 102 மீட்டர் கிழக்கே நடக்க வேண்டும்.

வடக்குநோக்கி:

கட்டம் என்பதை ஏற்கிறேன், ஆனால் கட்டத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனால் டேட்டம் தவறாகத் தேர்ந்தெடுத்தது தெரியவே தெரியாது, எல்லாப் புள்ளியிலும் பிழை சின்னதாகக் காட்டிவிட்டு மொத்தத் தாளும் முந்நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பொருத்துவதற்குக் கட்டம், சோதிப்பதற்குத் தரை. நான் சொன்ன அந்த ஐந்தாறு ஒதுக்கிய புள்ளிகளும் பாலமும் சந்திப்புமாகவே இருக்கட்டும்.

எவ்வளவு வந்தால் போதும் என்றும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 400 டிபிஐ-யில் ஒரு பிக்சல் உங்களுக்கு 4 மீட்டர். ஆனால் பேனா வைத்து வரைந்தவரின் கையே கால் முதல் அரை மில்லிமீட்டர் வரை தவறும், அது 15 முதல் 30 மீட்டர். அதற்குக் கீழே போக முயன்றால் தாளில் இல்லாத துல்லியத்தைத் தேடுகிறீர்கள் என்று அர்த்தம்.

மழைக்காகிதம்:

நான்கு நாள் கழித்து வருகிறேன். எட்டுத் துண்டையும் நகர்த்திச் சேர்த்தேன், ஒரு மாலை இல்லை, இரண்டு மாலை ஆயிற்று. நடுவில் இருந்த அந்தச் சாய்ந்த இடைவெளிதான் படுத்திவிட்டது, வலது பக்கத் துண்டுகளை லேசாகத் திருப்பிய பிறகுதான் அட்சரேகைகள் நேர்கோட்டில் வந்தன. ஓரத்தில் கிரீனிச் என்றுதான் இருக்கிறது. 5 நிமிடக் கட்டம் இருந்தது, 16 வெட்டுப்புள்ளிகள், பழைய டேட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ப்ரொஜெக்ஷனுக்கு மாற்றி, முதல்படி மட்டும் போட்டேன். கட்டத்தில் பிழை 14 மீட்டர்.

தரையில் 6 புள்ளிகள் ஒதுக்கியிருந்தேன். ஐந்து 20 முதல் 40 மீட்டருக்குள் விழுந்தன. ரயில் பாதை இப்போது இன்றைய தண்டவாளத்தின் மேல் நேராகப் படுத்திருக்கிறது, அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆறாவது புள்ளி, அந்தப் பாலம், 140 மீட்டர் தள்ளியிருக்கிறது. முதல் தடவை அதையும் புள்ளியாக வைத்துத்தான் எல்லாவற்றையும் இழுத்திருக்கிறேன். இதை என்ன செய்வது, எடுத்துவிடலாமா?

தாள்நேசன்:

எடுக்காதீர்கள். மற்ற ஐந்தும் சரியாக இருக்கும்போது அது ஒன்று மட்டும் தள்ளிப் போனால், தாள் தவறவில்லை, பாலம் இடம் மாறியிருக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் பழைய இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இரு கரையிலும் சாலையின் மிச்சமோ ஆற்றுக்குள் தூண் அடியோ தெரியும்.

பொருத்திய புள்ளிகளை .பாயின்ட்ஸ் கோப்பாகச் சேமித்து மூல டிஃப்போடும் சேர்த்த படத்தோடும் வையுங்கள், எந்த டேட்டம், எந்தப் ப்ரொஜெக்ஷன், எந்த அளவை ஆண்டு என்று பக்கத்திலேயே ஒரு உரைக்கோப்பில் எழுதிவிடுங்கள். பின்னால் யாராவது இதைவிட நன்றாகச் செய்ய நினைத்தால் அதிலிருந்து தொடங்கலாம். ஆல்மேப்ஸ் மாதிரிக் கருவிகள் இதைத்தான் செய்கின்றன, படத்தைத் தொடாமல் புள்ளிகளை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, பார்க்கும்போது பொருத்திக் காட்டும்.

மழைக்காகிதம்:

பார்த்தேன். பழைய இடத்தில் இரு கரையிலும் மண்மேடு இருக்கிறது, வடக்குக் கரையில் ஒரு பாதை வந்து ஆற்றோரத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. தாள் சொன்னது சரி. இன்று ராத்திரி நீர்நிலைகளை வரையத் தொடங்குகிறேன்.