ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பத்தொன்பது நாளும் வீணா?

தூவானம்:
வயது 43. இருபத்திரண்டு வருடப் பழக்கம். நிறுத்திப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நேற்று போனில் ஒரு சண்டை. பேசி முடித்துப் பார்த்தால் விரலிடுக்கில் சிகரெட் எரிந்துகொண்டிருக்கிறது. யாரிடம் கேட்டு வாங்கினேன் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. பாதியில் நசுக்கிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமா?

ஒற்றைக்கொம்பன்:
ஒன்றிலிருந்துதான். இதில் சலுகை கிடையாது. நான் விட்டுப் பதினான்கு வருடம். ஒரு ஞாயிறு இரவு பாக்கெட்டைக் குழாயில் நனைத்துக் குப்பையில் போட்டேன், அத்தோடு சரி. மெல்லுகிற நிகோட்டின் கம், தோலில் ஒட்டுகிற பேட்ச் எதையும் தொட்டதில்லை. விட வேண்டும் என்று உண்மையாக நினைப்பவன் விட்டுவிடுவான். மற்றவர்கள் விடப்போவதாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நடுச்சாமம்:
பாக்கெட்டை நனைத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலை புதிதாக வாங்கினவர்கள் யாரும் இப்படிக் கதை சொல்ல வருவதில்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். மீதிப் பேருக்கெல்லாம் உண்மையான எண்ணம் இல்லை என்கிறீர்களா? நான் ஐந்து முறை விட்டவன். ஐந்து முறையும் மனதாரத்தான் விட்டேன்.

தூவானம், நீங்கள் பயப்பட வேண்டியது நேற்றைய சிகரெட்டுக்கு இல்லை, அதற்கு அடுத்ததற்கு. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதைத்தான் விளக்கினார். சறுக்குவது வேறு, விழுவது வேறு. சறுக்கிய பிறகு ‘நான் லாயக்கில்லாதவன்’ என்று நினைக்கிறோம் பாருங்கள், அதுதான் ஆளைத் தள்ளிவிடுகிறது. நனைந்தபின் முக்காடு எதற்கு என்று முழு பாக்கெட்டையும் வாங்கிவிடுவோம். என் மூன்றாவது முயற்சி அப்படித்தான் போனது, ஒரே சாயங்காலத்தில்.

ஒற்றைக்கொம்பன்:
சறுக்கல் என்று பேர் வைத்தால் புகை வராமல் இருக்குமா? உங்களுக்கு ஆய்வு வேண்டுமென்றால் என்னிடமும் ஒன்று உண்டு. 2016-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது, 697 பேர். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் தொடவில்லை. இரண்டு வாரம் குறைத்துக் குறைத்து வந்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம்தான். ஆறு மாதம் கழித்து முதல் தரப்பில் 22 சதவீதம், இரண்டாவதில் 15.5. கொஞ்சம் கொஞ்சமாக என்பதெல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

நடுச்சாமம்:
அதே ஆய்வை நானும் படித்தேன். இரண்டு தரப்புக்கும் நிகோட்டின் பேட்ச் கொடுத்து, செவிலியரை வைத்து ஆலோசனையும் சொன்னார்கள். ஒரேயடியாக நிறுத்து என்பதற்கு அது சாட்சி சொல்லும். தனியாளாக நிறுத்து என்பதற்குச் சொல்லாது.

ஒற்றைக்கொம்பன்:
சரி, பேட்ச் விஷயத்தை நான் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கணக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாம்பல்கிண்ணம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் விடாதவன், வயது 51. இவ்வளவு டென்ஷனில் என்னை அமைதிப்படுத்துவது இது ஒன்றுதான். இதையும் பிடுங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?

நடுச்சாமம்:
அமைதிப்படுத்துகிறது என்பது பாதி உண்மை, ஐயா. ரத்தத்தில் நிகோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம்தான் ஆகும். குறையக் குறைய எரிச்சல் ஏறும். அடுத்ததைப் பற்றவைத்ததும் அடங்கும். போன சிகரெட் மூட்டிய எரிச்சலை இந்தச் சிகரெட் அணைக்கிறது. நாமோ ஆபீஸ் டென்ஷனை அணைத்தது என்று அதற்கு நன்றி சொல்கிறோம். 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருந்தன. முதல் சில வாரம் கடுகடுப்பாகத்தான் இருப்பீர்கள், அதை மறுக்கவில்லை.

வயதுக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், 50 வயதில் விட்டவர்களுக்கு ஆயுள் சுமார் 6 ஆண்டு கூடியது. 60-இல் விட்டவர்களுக்கே 3.

சாம்பல்கிண்ணம்:
ஆறு வருடம் என்றால் மனசு அசைய மாட்டேன் என்கிறது, என்ன செய்ய. உண்மையைச் சொல்லட்டுமா? பதினெட்டு வருடமாக அதே பின்பக்க மாடிப்படியில் அதே இரண்டு பேரோடு நிற்கிறேன். ஒருவர் லைட்டரை நீட்டுவார், மற்றவர் காற்றுக்குக் கையைக் குவிப்பார். விட்டுவிட்டால் அங்கே என்ன சாக்கு சொல்லிக்கொண்டு போய் நிற்பேன்?

ஒற்றைக்கொம்பன்:
இதற்கு மட்டும் என்னிடம் சுடச்சுடப் பதில் இல்லை. எனக்கும் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. விட்ட புதிதில் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. லிஃப்ட்டில் ஏறி முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். சாப்பிட்டதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும் என்பதால் பை வைக்காத சட்டையாகத் தைத்துக்கொண்டேன். அந்த இருவரில் ஒருவரோடு இப்போது பேச்சே இல்லை.

நடுச்சாமம்:
அண்ணே, வழியை மாற்றி, சட்டையை மாற்றி, ஆளையும் மாற்றிவிட்டு, இத்தனை நேரம் மனவுறுதி என்றா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

ஒற்றைக்கொம்பன்:
ஒரு வருடம் சுற்றிப்போகிறதற்கு உறுதி வேண்டாமா?

நடுச்சாமம்:
வேண்டும்தான். ஆனால் அதைச் சிகரெட்டுக்கு எதிரே நிற்கிறதில் செலவழிக்கவில்லை, அது இருக்கிற இடத்துக்கே போகாமல் இருக்கிறதில் செலவழித்தீர்கள். முதலிலேயே சட்டைக் கதையைச் சொல்லியிருந்தால் நமக்குள் இவ்வளவு தகராறே வந்திருக்காது.

தூவானம்:
வீட்டில் சொல்லிவிட்டேன். அன்றைக்கே தெரியுமாம், சட்டை காட்டிக்கொடுத்துவிட்டதாம். திட்டு விழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நாட்காட்டியில் தினமும் எண் போட்டு வந்தேன். இன்றைய கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்து எண்ணைச் சொல்லுங்கள்.