ஜட்ஜிடம் இன்டர்ன்ஷிப் போனவர்களே, எது இன்னும் உறுத்துகிறது?

பென்சில்வட்டம்:
எனக்கு அந்த 482 என்ற சட்டப் பிரிவு எண். உயர் நீதிமன்றம், மே மாதம், விடுமுறை அமர்வு, வந்ததெல்லாம் ஜாமீன் மனுக்கள். ஒவ்வொரு வழக்குக் கட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரவேண்டும். ஒரு மனுவில் 482 என்று பார்த்ததுமே கை தானாக ஓடியது. வகுப்பில் உருப்போட்ட உச்ச நீதிமன்றத்தின் பஜன்லால் தீர்ப்பு, எஃப்.ஐ.ஆரை எப்போது ரத்து செய்யலாம் என்ற அந்த ஏழு வகையையும் வரிசையாக எழுதி, இது ஏழாவது, வஞ்சம் தீர்க்கப் போட்ட வழக்கு என்று முடிவே சொல்லிவிட்டேன். மனுதாரர் கேட்டதோ முன்ஜாமீன்! பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கான 438தான், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 482; எஃப்.ஐ.ஆர் ரத்து கேட்கும் பழைய 482 இப்போது 528. ஜட்ஜ் மேடம் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில், மனுவில் கேட்பது என்ன என்ற பொருளில், “ப்ரேயர்?” என்று ஒரே சொல், அடுத்த கட்டை என் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பழையகோட்டு:
இதுக்கா உறுத்தல்? 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்த பிறகு சீனியர்களே எண்களில் தடுமாறினார்கள். கட்டு கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கம் போய் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் தேதி. அந்த ஜூலைக்கு முன்பே நிலுவையில் இருந்த மனு என்றால் புதிய சட்டத்தின் 531-ன்படி பழைய சட்டமே தொடரும். தீர்ப்புக்கு மேலே பதிப்பாளர் போடும் சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பைப் படித்ததாக எழுதாதீர்கள், அது தீர்ப்பின் பகுதியே இல்லை. ஜட்ஜின் சேம்பரில் பார்த்த தீர்ப்பு வரைவைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு 20 வார இன்டர்ன்ஷிப், மூன்றாண்டுக்கு 12 என்று பார் கவுன்சில் விதி இருப்பதால் பாதிப் பேர் நாளைக் கடத்தத்தான் வருகிறார்கள், நீங்கள் அப்படி இருக்காதீர்கள். என் அனுபவமா? நாலு வாரம் சைட்டேஷன், அதாவது மேற்கோள் காட்டப் பழைய தீர்ப்புகள், தேடினேன், சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

கூண்டோரம்:
சேம்பருக்குள்ளேயே இருந்தால் கண்ணில் படுவது காகிதம்தான். நான் போனது மாஜிஸ்திரேட் கோர்ட். சாட்சி சொல்ல வந்த ஒரு பாட்டி, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணையில் வக்கீல், நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை என்றதும் பாட்டி கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஐயோ சாமி, இந்தக் கண்ணாலதானே பார்த்தேன், அவன் சட்டைகூட நனைஞ்சிருந்துச்சே” என்று கத்திவிட்டார். டைப்பாகி வந்தது: “நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் அது சரியல்ல.” அவ்வளவுதான். எல்லாச் சாட்சிக்கும் அதே வாக்கியம்தான், அன்றைக்கே நாலு தடவை பார்த்தேன். நனைந்த சட்டையைக் காணோம்.

பழையகோட்டு:
அந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதிவு செய்வார்கள். சட்டை முக்கியமென்றால் முதல் விசாரணையிலேயே அரசு வக்கீல் கேட்டு வாங்கியிருக்கவேண்டும்.

பென்சில்வட்டம்:
பழையகோட்டு சார், நான் ஆலோசனை கேட்கவே இல்லை, 531 எனக்கும் தெரியும். கூண்டோரம், பாட்டிக்கு அதை வாசித்துக் காட்டினார்களா?

கூண்டோரம்:
காட்டினார்கள். சரி சாமி என்று தலையாட்டி, கைநாட்டு வைத்தார். இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே போனார்.