பல் உண்டு, கண் உண்டு, காது உண்டு என்றார்கள்

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். எனக்கு வயது 71, மனைவிக்கு 68. மெடிகேர் என்பது முக்கியமாக முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அடிப்படை மெடிகேர் வழக்கமான பல் சிகிச்சைக்கும் கண்ணாடிக்கும் காது கேட்கும் கருவிக்கும் பணம் தராது. 1965இல் சட்டம் வந்த நாளிலிருந்தே இப்படித்தான். அதனால் மூன்றும் சேர்ந்த மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் ஒன்றை, அதாவது அடிப்படை மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும் திட்டத்தை எடுத்தோம். விளம்பரத் தாளில் மூன்றுக்கும் நேரே 'உண்டு' என்று போட்டிருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை.

மார்ச்சில் மனைவியின் கடைவாய்ப் பல் பிளந்தது. பத்து வருடமாகப் பார்க்கும் பல் மருத்துவர் திட்டத்தின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்தவரிடம் போனால், பல் சுத்தம் செய்வதும் எக்ஸ்ரேயும் மட்டும்தான் இலவசம். வேர் சிகிச்சைக்கும் பல் உறைக்கும் பாதிப் பணம் எங்களுடையது. திட்டம் பல்லுக்கு ஓர் ஆண்டில் கொடுக்கும் உச்சவரம்பு 1,000 டாலர். அந்த ஒரு பல்லிலேயே அது தீர்ந்துவிட்டது.

காது விஷயத்தில்தான் மனம் நொந்துபோனேன். மனைவிக்குக் காது சரியாகக் கேட்காது. திருச்சியிலிருந்து அவள் அக்கா பேசினால், இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவாள். கருவி உண்டுதான், ஆனால் அவர்கள் சொல்லும் ஒரே விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். ஒவ்வொரு காதுக்கும் தனியாக நம் பங்கைக் கட்ட வேண்டும். மூன்று முறைக்குமேல் சரிசெய்யப் போனால் அதற்கும் கட்டணம். காதுக்குப் பொருந்தும்வரை திரும்பத் திரும்பச் சரிசெய்யாவிட்டால் கருவி மேசை இழுப்பறைக்குத்தான் போகும். 2022 அக்டோபரிலிருந்து மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும் கருவிகள் லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்கானவை. அவளுடையது அதைத் தாண்டிவிட்டது.

கண் விஷயத்தில் திட்டத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. கண்புரை அறுவைக்கும் அதன்பின் ஒரு கண்ணாடிக்கும் அடிப்படை மெடிகேரே உதவுகிறது. அதனால் கண்ணை வைத்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றலாம். மாநிலத்தின் இலவச ஆலோசகர் ஒருவர் மூன்று திட்டங்களின் முழு ஆவணங்களையும் எங்களுடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். பல்லுக்கு 3,000 டாலர் என்று பெரிதாகப் போட்டிருந்த திட்டத்தில் எங்கள் மருத்துவர் இல்லை. 1,500 டாலர் திட்டத்தில் இருந்தார். அதையே எடுத்தோம். அடிப்படை மெடிகேருக்குத் திரும்பி, அதில் நம் பங்காக வரும் செலவை ஏற்கும் மெடிகேப் என்ற தனியார் துணைக் காப்பீட்டை வாங்கவும் யோசித்தோம். 65 வயதில் கிடைத்த ஆறு மாத வாய்ப்பு போய்விட்டதால் உடல்நிலையைக் கேட்பார்கள். மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் அதை விட்டுவிட்டோம்.

அடுத்து எனக்கு மேல்வரிசைப் பல் செட் கட்ட வேண்டும். கட்டியவர்கள் திட்டம் எவ்வளவு கொடுத்தது, எத்தனை மாதம் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள்.