களக்குறிப்பில் "காடு" என்று மட்டும் எழுதாதீர்கள்: மூணாறு, சின்னாறு பக்கம் கண்டவை

மறையூரிலிருந்து:

சின்னாறு சரணாலயத்தில் பார்த்த விலங்கை "மலையணில், காடு" என்று இரண்டே சொல்லில் குறித்து அனுப்புகிறார்கள். இரண்டு சொல்லும் போதாது. இந்த மலைத்தொடரில் மலையணிலே இரண்டு இனம். முதுகு செம்பழுப்பும் கறுப்புமாக, வயிறு வெளிர்மஞ்சளாக இருந்தால் மலபார் மலையணில். உடம்பு சாம்பல் கலந்த பழுப்பாக, வாலில் வெள்ளை மயிர் தூவி நரைத்தாற்போல் இருந்தால் சாம்பல் நிற மலையணில். வால் நுனி வெளுத்த மலபார் அணிலும் உண்டு. அதனால் நுனியை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள், வால் முழுவதையும் பாருங்கள்.

அடுத்தது "காடு". நம் பக்கத்துப் பேச்சில் தேயிலைக்காடும் காடுதான், முட்காடும் காடுதான். சின்னாறு மழைமறைவுப் பகுதி. பெரும்பாலும் முட்புதரும் வறண்ட இலையுதிர்காடும். சாம்பல் அணிலைப் பார்க்க அங்கே தேடிப் பயனில்லை. ஆற்றின் இரு கரையிலும் ஒல்லியாக ஓடும் மரவரிசைதான் அதன் வாழிடம். நீர்மருதும் மாவும் கிளையோடு கிளை தொட்டு நின்றால்தான் தரையில் இறங்காமல் போய்வர முடியும். எனவே "ஆற்றோரக் காடு, தண்ணீரிலிருந்து 15 மீட்டர், நீர்மருதின் மேல், கிளைத்தொடர்ச்சி உண்டு" என்று எழுதுங்கள். "சின்னாறு, முட்காடு" என்று எழுதினால் நாளைக்கு அதைப் படிப்பவர் தவறான இடத்தில் போய்த் தேடுவார்.

மூணாறிலிருந்து:

மறையூர் அண்ணன் சொன்னதற்கு மேலே ஒன்று. வகைப்பாட்டுப் பெயருக்குள்ளேயே பழைய தீர்ப்பு ஒளிந்திருக்கும். காட்டியல் அறிஞர்கள் சாம்பியனும் சேத்தும் 1968-இல் திருத்தி வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் நம் சோலைக்கு, அதாவது உயர்மலைப் பள்ளங்களில் நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டுக்கு, 11ஏ/சி1 என்று குறியீடு. பக்கத்துப் புல்வெளிக்கு அதே குறியீட்டோடு டிஎஸ்2 என்ற வாலும் சேரும். டிஎஸ் என்றால் சீரழிந்த நிலை. காடு அழிந்த இடத்தில் புல் வந்தது என்ற கணக்கு அது. ஆனால் நீலகிரிச் சதுப்புகளில் மக்கிய செடிகள் படிந்து உண்டான கரிச்சேற்றுப் படிவங்களை ஆராய்ந்தபோது 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல்வெளி இருந்தது தெரிந்தது. உறைபனி விழும் இரவில் திறந்தவெளியில் சோலை மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன. புல்லின் முளை மண்ணோடு ஒட்டியிருப்பதால் தப்பிக்கிறது. வெறும் நிலம் என்ற எண்ணத்தில் எத்தனையோ புல்வெளிகளில் வெளிநாட்டு மரங்களான வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டார்கள். நினைத்தாலே நெஞ்சு எரிகிறது. குறியீட்டைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்தில் "இயற்கைப் புல்வெளி" என்றும் எழுதிவிடுங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் வாட்டில் தோப்பும் சோலையும் ஒரே பச்சையாகத் தெரியும். நேரில் குழப்பமே வராது. சோலையின் மேல்விதானம் குமிழ்குமிழாக ஏறி இறங்கும், தளிர் செம்பாக இருக்கும், அடிமரத்தில் பாசி அப்பியிருக்கும். வாட்டிலுக்கு அடியில் சோலைக் கன்றுகள் முளைத்திருந்தால் கட்டாயம் எண்ணிக் குறியுங்கள். வெட்டலாமா விடலாமா என்ற பேச்சு வரும்போது அந்த எண்தான் பேசும்.

செடிகளை எண்ண நிலத்தில் மாதிரிச் சதுரம் போடும் அளவு: புல்லுக்கு 1 மீட்டருக்கு 1, புதருக்கு 5-க்கு 5, மரத்துக்கு 10-க்கு 10. வேர் உள்ளே இருப்பதை மட்டும் எண்ண வேண்டும், கிளை உள்ளே நீண்டிருப்பது கணக்கில் வராது. மரச்சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில், சரிவின் மேல்பக்கம் நின்று அளக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது டேப்பில்தான். 30 பாகைச் சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்து 10 மீட்டர் இழுத்தால் கிடைநீளம் 8.66 மீட்டர்தான் வரும். நூறு சதுர மீட்டர் என்று எழுதிய இடம் உண்மையில் 87 கூட இருக்காது. டேப்பைக் கிடையாகப் பிடித்து, இரண்டு மூன்று துண்டாக அளந்து கூட்டுங்கள்.

வட்டவடையிலிருந்து:

"குறிஞ்சி பூத்துவிட்டது" என்று ஆண்டுதோறும் படம் வருகிறது. குறிஞ்சிப் பேரினத்தில் மேற்குத்தொடரில் மட்டும் பல இனங்கள் உண்டு, பூக்கும் இடைவெளியும் வேறுவேறு. நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு. மூணாறு பக்கம் 2006, 2018, அடுத்தது 2030. பூத்துக் காய்த்ததும் செடி பட்டுப்போகும். பூவை மட்டும் எடுக்காமல் இலை, தண்டு, பூங்கொத்தின் அடி மூன்றையும் படமெடுங்கள். சரிவு முழுக்கப் பூத்ததா, ஒன்றிரண்டு செடியா என்பதையும் சொல்லுங்கள்.

தேவிகுளத்திலிருந்து:

ஓரிடவாழ்வி (ஒரு பகுதியில் மட்டுமே வாழும் இனம்) வேறு, அழியும் நிலை வேறு. முதலாவது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை. வரையாடு இரண்டும்தான், அதனால்தான் குழம்புகிறார்கள். மேற்குத்தொடரில் எங்கும் மலிந்து கிடக்கும் ஓரிடவாழ்விகளும் இருக்கின்றன. இன்னொன்று, பழைய பட்டியல்களில் வரையாட்டின் பேரினம் ஹெமிட்ராகஸ் என்றிருக்கும். 2005-இல் தனிப் பேரினமாகப் பிரித்து நீலகிரிட்ராகஸ் ஆக்கினார்கள். பட்டியல்களை ஒன்றுசேர்க்கும்போது இரண்டும் ஒரே ஆடு என்று தெரியாமல் இரண்டு இனமாக எண்ணிவிடுகிறார்கள்.

என் கேள்வி ஒன்று: சோலையும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பில் நின்று பார்த்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூணாறிலிருந்து:

இரண்டிலும் சேர்க்காதீர்கள், "சோலை விளிம்பு" என்றே எழுதுங்கள். காட்டுப்பூவரசு பனியையும் தீயையும் தாங்கி அங்கேதான் நிற்கும், புல்லுக்குள்ளும் தனியாக ஏறும். சோலையின் கடைசி மரத்திலிருந்து எத்தனை மீட்டர், புல் பக்கமா மரப் பக்கமா என்று போட்டால் போதும்.